மாறிவரும் மழையும் விளைச்சலின் ஜகாத்தும்

விளைச்சலுக்குரிய ஜகாத்தாகிய உஷ்ரை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தண்ணீரை வைத்தே வகுத்துத் தந்தார்கள். வானமும் ஊற்றும் புகட்டிய பயிருக்குப் பத்தில் ஒன்று. இறைத்துப் பாய்ச்சிய பயிருக்கு இருபதில் ஒன்று. இப்னு உமர் (ரலி) அவர்கள் வாயிலாக ஸஹீஹுல் புகாரியில் இது பதிவாகியுள்ளது. உழவனின் சிரமம் கூடுமிடத்தில் கடமை குறைகிறது. என்னே இம்மார்க்கத்தின் நீதி!

காவிரிப் பாசனத்தில் இச்சட்டம் ஒருகாலத்தில் எளிதாகவே இருந்தது. ஜூன் 12-ஆம் நாள் மேட்டூர் அணை திறக்கும். தண்ணீர் குடமுருட்டி வழியே வலங்கைமானை அடையும். வாய்க்கால் மடையைத் திறந்தால் வயல் நிறையும். பத்தில் ஒன்றை அளந்து வைத்துவிட்டு விவசாயி நிம்மதியாக இருப்பார். இப்பொழுதோ ஜும்ஆ முடிந்து வெளியே வருகின்றபோதே கேள்வி எழுகிறது: “ஹஜ்ரத், குறுவை போர்த் தண்ணீரில் விளைந்தது, சம்பா பாதி மழையிலும் பாதி மோட்டாரிலும் விளைந்தது. நான் எவ்வளவு கொடுப்பது?”

இக்கேள்வி எங்கிருந்து வந்தது என்பதைச் சற்று நோக்குவோம். 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் மேட்டூர் அணை உரிய நாளில் திறக்கப்படவில்லை. 2022-இல் மே 24-ஆம் நாளே திறந்தார்கள். 2024-இல் ஜூலை 28 வரை காத்திருக்க நேர்ந்தது. அண்டை மாநிலத்துடனான பங்கீட்டுத் தகராறும் இதில் பெரும்பங்கு வகிக்கிறது. எல்லாவற்றையும் வானத்தின் மேல் போட்டுவிடுவது நேர்மையாகாது. ஆயினும் வானமும் மாறித்தான் இருக்கிறது. 2016-இல் வடகிழக்குப் பருவமழை இயல்பில் பாதிகூடப் பெய்யவில்லை. 2021 ஜனவரியிலும் 2023 பிப்ரவரித் தொடக்கத்திலுமோ, அறுவடைக்கு நின்ற சம்பாவின் மேல் பெருமழை கொட்டி, கதிர்கள் சாய்ந்து நீரில் கிடந்தன. வேண்டியபோது வராத மழை, வேண்டாதபோது வந்து நின்றது.

காரணத்தை அறிவியலார் தெளிவாகவே கூறுகின்றனர். நிலக்கரியும் எண்ணெயும் எரிவதால் எழும் கரியமில வாயு, தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சத்துக்கு 280 பங்காக இருந்தது. இன்று 420-ஐக் கடந்துவிட்டது. வெப்பம் ஒரு பாகை உயர்ந்தால் காற்று ஏறத்தாழ ஏழு விழுக்காடு அதிகமாக ஈரத்தைச் சுமக்கும். அவ்வீரம் இறங்கும்போது ஒரேயடியாகக் கொட்டிவிடுகிறது. இடைப்பட்ட நாட்கள் வறண்டு போகின்றன. தேங்கும் வெப்பத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் கடல் வாங்கிக்கொள்கிறது. சூடேறிய கடல் புயலுக்கு வலுவூட்டுகிறது, மட்டமும் உயர்கிறது. 1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் சுமார் 20 சென்டிமீட்டர் உயர்ந்துள்ளது. வேதாரண்யம் போன்ற கரையோரங்களில் ஏற்கெனவே உப்பேறும் நிலத்தடி நீருக்கு இது இன்னுமோர் அச்சுறுத்தல்.

2022-இல் பாகிஸ்தானில் மூன்று கோடிக்கும் அதிகமான மக்கள் வெள்ளத்தில் சிக்கினர். 2024 ஹஜ்ஜின்போது மக்காவில் வெப்பம் 51.8 பாகையைத் தொட்டது. ஆயிரத்து முந்நூறு பேர் உயிர் நீத்தனர். மனிதர்களின் கரங்கள் தேடிக்கொண்டவற்றால் தரையிலும் கடலிலும் சீர்கேடு தோன்றியதென அர்ரூம் அத்தியாயத்தின் 41-ஆம் வசனத்தில் அல்லாஹு தஆலா எச்சரிக்கின்றான். அதே வசனம் அவர்கள் மீளக்கூடும் என்ற நோக்கத்தையும் சேர்த்தே சொல்வதைப் பலர் ஓதாமல் விட்டுவிடுகிறார்கள்.

இனி, கேள்விக்கு வருவோம். ஒவ்வொரு விளைச்சலுக்கும் அதற்குப் பாய்ந்த தண்ணீரே கணக்கு. ஆழ்குழாயில் விளைந்த குறுவைக்கு இருபதில் ஒன்று. ஆறும் மழையும் விளைவித்த சம்பாவுக்குப் பத்தில் ஒன்று. “மின்சாரம் இலவசமாயிற்றே?” என்று சிலர் வினவுகின்றனர். போர் இறக்கியது இலவசமா? மோட்டார் எரிந்தால் சுற்றிக் கொடுப்பது யார்? கருவி கொண்டு இறைப்பதே இங்கு அளவுகோல். இரண்டும் கலந்து, ஏறத்தாழ சமமாகப் பாய்ந்திருந்தால் ஷாபிஈ மத்ஹபில் பத்தில் ஒன்றின் முக்கால் பாகம், அதாவது நூறு மூட்டைக்கு ஏழரை மூட்டை. ஹனபி மத்ஹபில் எது மிகுதியோ அதுவே கணக்கு. சமமாயின் இருபதில் ஒன்று. உமியோடு சேமிக்கும் நெல்லுக்குப் பத்து வஸக் நிறைந்தால்தான் ஜகாத் என்பது ஷாபிஈ சட்டம். இமாம் அபூஹனீபா (ரஹ்) அவர்களிடம் குறைந்தபட்ச அளவு இல்லை. தன் கவனக்குறைவின்றி, அறுவடைக்கு முன் வெள்ளத்தில் அழிந்துபோன கதிருக்கு உஷ்ர் இல்லை. எஞ்சியது எவ்வளவோ, அதற்கு மட்டும் பாருங்கள்.

இதைவிடக் கடினமான பிரச்சினை ஒன்று 2018-இல் எழுந்தது. அவ்வாண்டு நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரை கடந்தது. முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பகுதிகளில் தென்னந்தோப்புகள் வேரோடு சாய்ந்தன. காய் வெட்டுக்கு முன்பணம் கொடுத்திருந்த ஏழைக் குத்தகைதாரரின் நிலை என்ன? மரமும் போயிற்று, பணமும் தோப்புக்காரரிடம் நின்றது.

சகோதரனுக்குக் கனிகளை விற்றபின் பேரிடர் அவற்றை அழித்துவிட்டால், அவனிடமிருந்து எதையும் பெறுவது ஆகுமானதல்ல என்ற கருத்தில் ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. மாலிகி, ஹன்பலி மத்ஹபுகளின் இமாம்கள் இதைச் சட்டமாகவே கொண்டனர்; ஷாபிஈ மத்ஹபில் விட்டுக்கொடுப்பது விரும்பத்தக்கதாகும். காய் முற்றுமுன் பல ஆண்டுக் காய்ப்பை மொத்தமாக விற்பது அடிப்படையிலேயே தடுக்கப்பட்டது என்பதையும் தோப்புக்காரர்கள் மறந்துவிடலாகாது. ஹிஜ்ரி 18-இல் அரபு நாட்டைப் பஞ்சம் வாட்டியபோது, கலீஃபா உமர் (ரலி) அவர்கள் அவ்வாண்டு ஜகாத் வசூலையே ஒத்திவைத்தார்கள். மக்கள் உண்ணும்வரை நெய்யைத் தொடவில்லை. அரசாங்கத்தின் உரிமையையே அவர்கள் நிறுத்தி வைத்தார்களென்றால், தோப்புக்காரர் ஒருவர் வாங்கிய முன்பணத்தைத் திருப்பிக் கொடுப்பதில் என்ன தடை? அடுத்த புயலுக்கு முன், குத்தகை எழுதும்போதே இதையும் பத்திரத்தில் எழுதிவைக்க ஊர் ஜமாஅத்துகள் ஏற்பாடு செய்யலாம்.