பச்சை உடம்பும் பத்துக் கேள்விகளும்

பிரசவம் முடிந்த முதல் சில நாட்களில் காரணமே இல்லாமல் அழுகை வருவதும், யாரோ சொன்ன சின்னச் சொல்லுக்கு மனம் உடைந்துபோவதும் பெரும்பாலான தாய்மார்களுக்கு உண்டு. ஹார்மோன்கள் சட்டென்று இறங்குவதாலும் தூக்கம் கெடுவதாலும் வரும் இந்தக் கலக்கம் இரண்டு வாரத்துக்குள் தானே தெளிந்துவிடும். தெளியாமல் நீண்டு, பசியையும் தூக்கத்தையும் தின்று, பெற்ற குழந்தையைத் தூக்கவும் மனமில்லாத நிலைக்குக் கொண்டுபோனால் அது நோய். அதற்குப் பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு என்று பெயர். அமெரிக்காவில் ஏறத்தாழ எட்டுத் தாய்மார்களில் ஒருவருக்கு இதன் அறிகுறிகள் இருப்பதாக அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் கணக்கெடுப்பு சொல்கிறது. பலருக்கு இது கர்ப்ப காலத்திலேயே தொடங்கிவிடுகிறது. இல்லாத குரல்கள் கேட்கும், நடப்பு எது பிரமை எது என்று பிரித்தறிய முடியாத பித்து நிலை, ஆயிரத்தில் ஓரிரு தாய்மார்களுக்கு வருகிறது. அது உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டிய அவசர நிலை.

இந்த நோய் இன்னாருக்குத்தான் வரும் என்றில்லை. ஆனால் வந்தபின் யாருக்கு மருத்துவம் கிடைக்கிறது என்று பார்த்தால், அமெரிக்காவில் தோலின் நிறம் குறுக்கே வந்து நிற்கிறது. நியூ ஜெர்சி மாநிலத்தில் 2004 முதல் 2007 வரை பிரசவித்த ஏறத்தாழ 29,600 பெண்களின் பதிவேடுகளை ஆராய்ந்து 2011-இல் ஓர் ஆய்வு வெளியானது. எல்லாரும் ஏழைகளுக்கான அரசுக் காப்பீடான மெடிகெய்டில் இருந்தவர்கள். அதாவது கையில் இருந்த காப்பீடு ஒன்றே. வெள்ளையினப் பெண்களில் 100-க்கு 9 பேர் மனச்சோர்வுக்குச் சிகிச்சை தொடங்கியிருந்தார்கள். கறுப்பினப் பெண்களில் 4 பேர்தான். தொடங்கியவர்களிலும் தொடர்ந்து மருத்துவம் பார்த்தவர்கள் கறுப்பினத்தவரில் குறைவு.

இதில் கவனிக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. பிள்ளை பெற்ற ஒவ்வொரு பெண்ணையும் மனச்சோர்வு இருக்கிறதா என்று கேட்டறிய வேண்டும் என 2006-இல் சட்டம் போட்ட முதல் அமெரிக்க மாநிலம் இதே நியூ ஜெர்சிதான். சட்டம் வந்த பிறகும் மெடிகெய்டில் இருந்த பெண்களின் சிகிச்சை அளவில் மாற்றம் எதுவும் தெரியவில்லை. கேள்வி கேட்டதோடு வேலை முடிந்துவிடவில்லை என்பது அங்கே பட்டுத் தெரிந்தது.

அந்தக் கேள்வி எப்படிக் கேட்கப்படுகிறது என்பதைச் சற்றுக் கிட்டத்தில் பார்க்கலாம். உலகெங்கும் பயன்படும் எடின்பரோ அளவுகோல், 1987-இல் ஸ்காட்லாந்தில் உருவானது. ஒரே தாளில் அடங்கும் பத்துக் கேள்விகள். கடந்த ஏழு நாட்களில் சிரிக்க முடிந்ததா, வீணாக உங்களையே நொந்துகொண்டீர்களா, காரணமில்லாமல் பயந்தீர்களா, அழுதீர்களா என்று போகும். ஒவ்வொன்றுக்கும் நான்கு விடைகள். 0 முதல் 3 வரை மதிப்பெண். மொத்தம் 30-இல் 13-ஐ எட்டினால், சில இடங்களில் 10-ஐத் தொட்டாலே, மருத்துவர் உட்கார்ந்து பேச வேண்டும். பத்தாவது கேள்வி, தன்னைத்தானே மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்பது. ஒரு கையில் குழந்தை, மடியில் அட்டை, மறு கையில் பேனா என்று மருத்துவமனைக் கூடத்தில் உட்கார்ந்திருக்கும் பச்சை உடம்புக்காரி ஐந்தே நிமிடத்தில் நிரப்பிக் கொடுத்துவிடலாம்.

கறுப்பினத் தாய் ஒருத்தி அந்தத் தாளில் உண்மையை எழுதுவதற்கு முன் யோசிக்கிறாள் என்றால், அந்த யோசனைக்குக் காரணம் இருக்கிறது. பெற்றோர் குழந்தையைச் சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லை என்று புகார் வந்தால் விசாரித்து, தேவைப்பட்டால் குழந்தையைப் பிரித்து எடுத்துச் செல்லும் அதிகாரம் அமெரிக்காவில் குழந்தைகள் நலத் துறைக்கு உண்டு. அந்நாட்டுக் குழந்தைகளில் 37 சதவீதம் பேரின் வீட்டுக்கு, அவர்கள் 18 வயதைத் தொடுவதற்குள் ஒரு முறையாவது அந்த விசாரணை வருகிறது. கறுப்பினக் குழந்தைகளில் 53 சதவீதம் என்று 2017-இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. பாதிக்கு மேல். அக்கம்பக்கத்தில், சொந்தத்தில், விசாரணை வந்த வீடு ஒன்றையாவது அறியாத தாய் இருப்பது அரிது. இந்தத் துறை கறுப்பினக் குடும்பங்களை எப்படிக் கலைக்கிறது என்பதைச் சட்டப் பேராசிரியர் டாரதி ராபர்ட்ஸ் பல ஆண்டுகளாக எழுதிவருகிறார். பத்தாவது கேள்விக்கு ஆம் என்று எழுதினால் தாள் யார் கைக்குப் போகும் என்பது தெரியாத நிலையில், இல்லை என்று குறிப்பது பிள்ளையைக் காப்பாற்றிக்கொள்ளும் வழி. அதை நோயை மறைப்பதாகச் சொல்வது அநியாயம்.

எதையும் தாங்கும் பெண் என்ற பட்டமும் வாயை அடைக்கிறது. கறுப்பினப் பெண் கலங்க மாட்டாள், யார் உதவியும் கேட்க மாட்டாள், தன்னைக் கடைசியில் வைத்து மற்ற எல்லாரையும் சுமப்பாள் என்ற எதிர்பார்ப்பு அவள்மீது இருக்கிறது. அவளும் அதைத் தன்மேல் ஏற்றிக்கொள்கிறாள். இதன் உடல்நல விளைவுகளை செவிலியர் துறை ஆய்வாளர் ஷெரில் வுட்ஸ்-ஜிஸ்கோம்பே 2010 முதல் ஆராய்ந்துவருகிறார். இந்தப் பட்டத்தின் வேர் அடிமை முறையில் இருக்கிறது. பிள்ளை பெற்ற அடிமைப் பெண்ணைச் சில வாரங்களிலேயே பருத்திக் காட்டுக்கு விரட்டியவர்களுக்கு, அவள் எதையும் தாங்குவாள் என்று நம்புவது தேவையாக இருந்தது. 1840-களில் அலபாமாவின் மான்ட்கோமரியில் ஜே. மேரியன் சிம்ஸ் என்ற மருத்துவர், அனார்கா, பெட்சி, லூசி முதலிய அடிமைப் பெண்களை மயக்க மருந்து இல்லாமலே திரும்பத் திரும்ப அறுத்து ஓர் அறுவை முறையைக் கண்டுபிடித்தார். நியூயார்க்கில் அவருக்கு இருந்த சிலை 2018-இல்தான் அகற்றப்பட்டது.

வலி குறித்த அந்த நம்பிக்கை சிலையோடு போய்விடவில்லை. வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் வெள்ளையின மருத்துவ மாணவர்கள், பயிற்சி மருத்துவர்கள் 222 பேரிடம் நடந்து 2016-இல் வெளியான ஆய்வில், கறுப்பினத்தவரின் தோல் தடிமனானது என்பது போன்ற தவறான கருத்துகளில் ஒன்றையாவது பாதிப் பேர் சரியென்று சொன்னார்கள். அத்தகைய கருத்துடையவர்கள் கறுப்பின நோயாளியின் வலியைக் குறைத்தே மதிப்பிட்டார்கள். டென்னிஸ் வீராங்கனை செரீனா வில்லியம்ஸ் 2017-இல் அறுவை மூலம் பெண் குழந்தை பெற்ற மறுநாள் மூச்சுத் திணறினார். முன்பே ரத்தக்கட்டி வந்தவர் என்பதால் என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரிந்தது. ஸ்கேன் எடுங்கள், ரத்தம் உறையாமல் இருக்க மருந்து கொடுங்கள் என்று செவிலியரிடம் கேட்டார். வலி மருந்தில் அவர் குழம்பியிருக்கிறார் என்று செவிலியர் நினைத்தார். கடைசியில் ஸ்கேன் எடுத்தபோது நுரையீரலில் கட்டிகள் இருந்தன. உலகமே அறிந்த பெண்ணின் சொல்லுக்கே அந்த மதிப்புதான்.

ஷலோன் இர்விங் பிழைக்கவில்லை. நோய்க் கட்டுப்பாட்டு மையத்திலேயே தொற்றுநோயியல் நிபுணராக இருந்து, உடல்நல ஏற்றத்தாழ்வுகளை ஆராய்ந்தவர். 2017 ஜனவரியில் குழந்தை பிறந்து மூன்று வாரத்தில், ரத்த அழுத்தச் சிக்கலால் 36 வயதில் இறந்தார். அந்த மூன்று வாரத்தில் அவர் மருத்துவரைத் திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்திருந்தார்.

உடலின் கதையைச் சொல்லாமல் மனத்தின் கதையைச் சொல்ல முடியாது என்பதால்தான் இவை இங்கே வருகின்றன. 2023-இல் அமெரிக்காவில் 1,00,000 பிரசவத்துக்குக் கறுப்பினத் தாய்மார்களில் 50.3 பேர் இறந்தார்கள், வெள்ளையினத்தவரில் 14.5 பேர். படிப்பும் பெரிதாகக் காப்பாற்றுவதில்லை. 2007 முதல் 2016 வரையிலான கணக்கில், கல்லூரிப் பட்டம் பெற்ற கறுப்பினப் பெண்ணின் இறப்பு விகிதம், பள்ளிப் படிப்பை முடிக்காத வெள்ளையினப் பெண்ணுடையதைவிட 1.6 மடங்கு. வாழ்நாள் முழுதும் படும் பாகுபாடு உடலையே முன்கூட்டித் தேய்க்கிறது என்று ஆய்வாளர் ஆர்லின் ஜெரோனிமஸ் 1992-இல் முன்வைத்த விளக்கம், முதலில் எதிர்ப்பைச் சந்தித்து இன்று பரவலாகப் பேசப்படுகிறது. குறைமாதப் பிரசவமும் கறுப்பினத்தவரிடம் அதிகம். 2022-இல் அவர்களுக்குப் பிறந்த குழந்தைகளில் 14.6 சதவீதம் குறைமாதம், வெள்ளையினத்தவருக்கு 9.4. குழந்தையைத் தீவிரச் சிகிச்சைப் பிரிவின் கண்ணாடிப் பெட்டியில் விட்டுவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்பும் தாய்க்கு மனச்சோர்வு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம்.

36 மாநிலங்களின் ஆய்வுக் குழுக்கள் 2017 முதல் 2019 வரை நடந்த 1,018 பேறுகால இறப்புகளை ஒவ்வொன்றாகப் பரிசீலித்தன. ஐந்தில் நான்குக்கு மேற்பட்டவை தடுத்திருக்கக்கூடியவை. தற்கொலையும் போதை மருந்து மிகுதியும் சேர்ந்த மனநலக் காரணங்கள் 23 சதவீதத்தோடு பட்டியலில் முதலிடம் பிடித்தன. கறுப்பினப் பெண்களை மட்டும் எடுத்தால் முதலில் நிற்பது இதய நோய். அவர்களுக்கு மனநலம் இரண்டாம் பட்சம் என்று இதைப் படிக்கக் கூடாது. சோர்ந்து கிடப்பவள் ரத்த அழுத்தம் பார்க்கப் போக மாட்டாள். போனாலும் அவளுடைய படபடப்பை வெறும் பதற்றம் என்று திருப்பி அனுப்பிவிட முடிகிறது. தலைவலி, உடம்பு அசதி, எரிச்சல் என்று மனச்சோர்வு உருமாறி வரும்போதோ அதற்குக் கோபக்காரி என்ற பெயர் தயாராக இருக்கிறது.

அந்த இறப்புகளில் பாதிக்கு மேற்பட்டவை பிரசவத்துக்கு ஒரு வாரம் கழிந்து, ஓராண்டுக்குள் நிகழ்ந்தவை. ஆனால் மெடிகெய்டின் மகப்பேற்றுக் காப்பீடு பல மாநிலங்களில் 60 நாளோடு முடிந்துகொண்டிருந்தது. கறுப்பினத் தாய்மார்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் பிரசவத்துக்கு இதையே நம்பியவர்கள். சம்பளத்தோடு கூடிய மகப்பேற்று விடுப்புக்கு நாடு தழுவிய சட்டம் அங்கே இல்லை; 1993-இன் சட்டம் 12 வாரச் சம்பளமில்லா விடுப்பை, அதுவும் தனியார் துறையில் குறைந்தது 50 பேர் வேலை செய்யும் நிறுவனங்களில்தான், உறுதி செய்கிறது. மெடிகெய்டை ஓராண்டுக்கு நீட்டிக்க மாநிலங்களுக்கு வழிசெய்தது 2021-இன் சட்டம். பெரும்பாலான மாநிலங்கள் நீட்டித்துவிட்டன.

இந்த மாற்றங்களுக்காகக் குரல் கொடுத்ததில் கறுப்பினப் பெண்களின் பங்கு பெரிது. நாடாளுமன்ற உறுப்பினர்கள் லாரன் அண்டர்வுட்டும் ஆல்மா ஆடம்ஸும் 2019-இல் கறுப்பினத் தாய்மார் நலனுக்கென ஒரு குழுவைத் தொடங்கினார்கள். அதிலிருந்து பிறந்த ‘மாம்னிபஸ்’ மசோதாத் தொகுப்பை மேலவையில் கொண்டுவந்தவர், தாய்வழியில் தமிழ்நாட்டு வேர் கொண்ட கமலா ஹாரிஸ். தொகுப்பின் சில பகுதிகளே சட்டமாகின. ஹூஸ்டனில் கே மேத்யூஸ், தம் குழந்தை இறந்து பிறந்த துயரத்துக்குப் பிறகு ‘ஷேட்ஸ் ஆஃப் ப்ளூ’ அமைப்பைத் தொடங்கி, தம்மைப் போன்ற தாய்மாருக்குத் துணைக் குழுக்கள் நடத்துகிறார். 2022 மே மாதம் தாய்மாருக்கான இலவசத் தொலைபேசி உதவி எண்ணை மத்திய அரசு திறந்தது. இரவும் பகலும் ஆள் எடுத்துப் பேசுகிறார்கள். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2014 முதல் மகப்பேறு மருத்துவர் ஒரு மனநல மருத்துவரை அன்றே தொலைபேசியில் பிடித்து யோசனை கேட்க முடிகிறது. பத்துக் கேள்விக்குக் கிடைத்த பதிலை வைத்துக்கொண்டு அடுத்து என்ன செய்வது என்று திகைத்த மருத்துவருக்கு அது பெரிய துணை.

இந்த உதவிகளில் தாய்க்கு மிக அருகே வருபவர் டூலா. பிரசவத்துக்கு முன்னும் பின்னும் கூட இருந்து பார்த்துக்கொள்ளப் பயிற்சி பெற்ற பெண் அவர். மருத்துவரும் அல்ல, செவிலியரும் அல்ல. தென் மாநிலங்களில் ஒரு காலத்தில் ஊர் ஊராகப் பிள்ளை பார்த்த கறுப்பின மருத்துவச்சிகளை இருபதாம் நூற்றாண்டின் சட்டங்கள் ஓரங்கட்டின. அவர்கள் விட்ட இடத்தில் ஒரு பகுதியை இவர்கள் நிரப்புகிறார்கள். வீட்டுக்குள் வருகிறவருக்கு, தொடாத சாப்பாடும் பகலிலும் மூடிய ஜன்னலும் தாளில் வராத பதிலைச் சொல்லிவிடும். ஒரேகான், மினசோட்டா முதலிய மாநிலங்களில் டூலாவுக்கு மெடிகெய்டே பணம் தருகிறது.

மருந்திலும் முன்னேற்றம் வந்திருக்கிறது. இந்த நோய்க்கென்றே முதல் மாத்திரையாக சுரனொலோனுக்கு 2023 ஆகஸ்டில் அனுமதி கிடைத்தது. மாலையில், கொழுப்புள்ள உணவோடு, 14 நாள். சில நாட்களிலேயே பலருக்குப் பலன் தெரிகிறது. சந்தைக்கு வந்தபோது அதன் விலை ஏறத்தாழ 15,900 டாலர். கடும் தூக்கம் வரும் என்பதால், விழுங்கிய 12 மணி நேரத்துக்கு வண்டி ஓட்டக் கூடாது என்று அட்டையிலேயே எச்சரிக்கை இருக்கிறது. விடிந்ததும் காரை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போக வேண்டிய தனித்தாய் இந்த மாத்திரையைத் தொடங்குவதென்றால், இரவில் குழந்தை அழும்போது எழுந்து தூக்க அந்த வீட்டில் இன்னொருவர் வேண்டும்.