அழிக்கட்டுமா என்று கேட்கும் கம்ப்யூட்டர்!

குழந்தைகளே! உட்டி என்ற பொம்மை வரும் 'டாய் ஸ்டோரி - 2' படம் பார்த்திருக்கிறீர்களா? 1999ல் வெளிவந்த இந்தப் படம், அதற்கு முந்தைய ஆண்டே அழிந்து போகப் பார்த்தது. காரணம், ஒரே ஒரு கட்டளை!

படத்தைத் தயாரித்தது, அமெரிக்காவின் கலிபோர்னியாவில் உள்ள பிக்சார் நிறுவனம். அங்கே இருந்த யுனிக்ஸ் வகை கம்ப்யூட்டர்களில், கட்டளைகளை எழுத்தாகத் தட்டச்சு செய்து வேலை வாங்கலாம். கோப்பை நீக்க, 'ஆர்', 'எம்' என்ற இரண்டு ஆங்கில எழுத்துகள் போதும். 'ரிமூவ்' என்பதன் சுருக்கம் அது.

1998ல் ஒருநாள், யாரோ அந்தக் கட்டளையைத் தவறான இடத்தில் கொடுத்துவிட்டார். கோப்புகள் வரிசையாக மறைந்தன. ஊழியர்கள் பதறிப்போய் மின் இணைப்பைத் துண்டிக்கச் சொன்னார்கள். அதற்குள் படத்தில் சுமார் 90 சதவீதம் போய்விட்டது. சேமித்து வைத்த பிரதியும் சரியாக இல்லை.

நல்லவேளையாக, கேலின் சஸ்மேன் என்ற தொழில்நுட்ப இயக்குனரின் வீட்டில் ஒரு பிரதி இருந்தது. கைக்குழந்தையைக் கவனித்தபடி வேலை செய்ய, வீட்டிலும் கம்ப்யூட்டர் வைத்திருந்தார் அவர். அதைப் போர்வையில் சுற்றி, காரில் பத்திரமாகக் கொண்டு வந்தார்கள். பெரும்பாலான கோப்புகள் திரும்பக் கிடைத்தன.

சாதாரணமாக நாம் நீக்கும் கோப்பு, குப்பைத்தொட்டி போன்ற ஓர் இடத்துக்குப் போகும். வேண்டுமானால் திரும்ப எடுக்கலாம். 'ஆர்எம்' கட்டளைக்கு அந்தத் தொட்டி கிடையாது. போனால் போனதுதான்!

இதற்கு ஒரு பாதுகாப்பு உண்டு. கட்டளையை அடுத்து ஓர் இடைவெளி விட்டு, சிறு கோடு போட்டு, 'ஐ' என்ற சின்ன எழுத்தைச் சேர்க்க வேண்டும். உடனே கம்ப்யூட்டர், ஒவ்வொரு கோப்பின் பெயரையும் சொல்லி, 'நீக்கட்டுமா?' என்று கேட்கும். 'ஒய்' என்று தட்டினால்தான் நீக்கும், இல்லையென்றால் விட்டுவிடும். லினக்சில் பெரிய 'ஐ' எழுத்தைப் போட்டால், மூன்றுக்கு மேற்பட்ட கோப்புகளை நீக்கும்போது மொத்தத்துக்கும் ஒருமுறை கேட்கும். 'எப்' போட்டாலோ எதையும் கேட்காது. அதனிடம் எச்சரிக்கை தேவை.

ஒன்றை மறக்காதீர்கள். கம்ப்யூட்டர் கேட்கத்தான் செய்யும். படித்துப் பார்க்க வேண்டியது நாம்தான். பெயரைப் பார்க்காமலே 'ஒய்', 'ஒய்' என்று தட்டினால், கேட்டும் பயனில்லை. முக்கியமான கோப்புக்கு வேறோர் இடத்தில் பிரதி வையுங்கள். அது திறக்கிறதா என்றும் அவ்வப்போது பாருங்கள்.

பதறாத காரியம் சிதறாது, குழந்தைகளே!