பயணப் பாட்டை ஆட வைத்தவர்கள்

‘வுவாயாஜ் வுவாயாஜ்’ 1986இல் பிரான்சில் வெளியான பாட்டு. பயணம், பயணம் என்று பொருள். ஜான்-மிஷெல் ரிவாவும் டொமினிக் துபுவாவும் உருவாக்க, டிசைர்லெஸ் என்ற பெயரில் அறியப்பட்ட கிளோடி ஃபிரிட்ச் பாடினார். கங்கையும் அமேசானும் பாட்டில் வந்துபோகும். தாழ்ந்த, பதற்றமில்லாத குரல். அடியில் ஓயாமல் உருளும் சிந்தசைசர். ஜெர்மனியில் முதலிடம் பிடித்தது. 1988இல் லண்டனின் பீட் ஹேமண்டும் பீட் வாட்டர்மனும் செய்த ரீமிக்ஸோடு பிரிட்டிஷ் தரவரிசையில் ஐந்தாம் இடம்வரை ஏறியது. பிரெஞ்சுப் பாட்டுக்கு அங்கே இது அபூர்வம்.

பழைய பாட்டை வேறொருவர் புதிதாகப் பாடுவது ரீமிக்ஸ் ஆகாது. பெல்ஜியப் பாடகி கேட் ரயான் 2007இல் இதே பாட்டைப் பாடியது மறுபதிவு. ரீமிக்ஸில் மூலக் குரல் அப்படியே இருக்கும். எண்பதுகளில் குரல், டிரம்ஸ், பேஸ், கீபோர்டு எல்லாம் அகலமான ஒலிநாடாவில் தனித்தனித் தடங்களாகப் பதிவாயின. பெரும்பாலும் 24 தடங்கள். ரீமிக்ஸ் செய்பவர் அந்த நாடாவை வாங்கி, எது ஒலிக்க வேண்டும், எது வாயை மூட வேண்டும், எது புதிதாகச் சேர வேண்டும் என்று தீர்மானிப்பார்.

எண்பதுகளின் பாட்டுகள் இதற்கு நன்றாக வளைந்து கொடுத்தன. கையால் வாசித்த டிரம்ஸில் வேகம் இம்மியளவாவது கூடிக் குறையும். அதன்மேல் வேறொரு தாளத்தைப் பொருத்துவது பெரும்பாடு. 1983இல் மின்னணு இசைக்கருவிகளை ஒன்றோடொன்று இணைக்கும் மிடி முறை வந்த பிறகு சிந்தசைசரும் டிரம் மெஷினும் ஒரே கடிகாரத்துக்கு ஓடின. அப்படிப் பதிவான பாட்டில் புதிய தாளம் சட்டென்று உட்காரும்.

நடனத்துக்கான ரீமிக்ஸ்கள் நீளமாக இருப்பதற்கும் காரணம் உண்டு. 7 அங்குல இசைத்தட்டில் நான்கு நிமிடத்துக்கு மேல் போனால் சத்தமும் பேஸும் மெலியும். 12 அங்குலத் தட்டில் கோடுகளை அகலமாக வெட்டலாம்; பேஸ் நெஞ்சில் இடிக்கும். நியூயார்க்கில் வால்டர் கிப்பன்ஸ் ரீமிக்ஸ் செய்து 1976இல் வந்த ‘டென் பர்சென்ட்’ தட்டுக்குப் பின் இந்த வடிவம் கடைகளிலும் பரவியது.

இந்த வகை ரீமிக்ஸ் எடுத்த எடுப்பில் பாட்டைத் தொடங்காது. முதலில் டிரம் மட்டும். நிமிடத்துக்கு 120 தட்டு, நான்கு தட்டு ஒரு ஆவர்த்தனம் என்றால், 16 ஆவர்த்தனம் 32 விநாடி. முந்தைய பாட்டோடு இதைக் கோக்க டிஜேவுக்கு அந்த அவகாசம் வேண்டும். பிறகு பேஸ், அதன்பின் கீபோர்டு, கடைசியில் குரல். நடுவில் ‘பிரேக்’ வரும்: பேஸ் டிரம் திடீரென்று விலகும், குரலோ ஒற்றைச் சுரமோ தனியே மிதக்கும், கால்கள் நிலைகொள்ளாமல் தவிக்கும். எட்டு ஆவர்த்தனம் கழித்து டிரம் திரும்பும்போது அரங்கமே எழும். கலைஞனின் தரம் தெரிவது இங்கேதான். ஒரு ஆவர்த்தனம் முந்தினால் ஏக்கம் பிறக்காது, நான்கு பிந்தினால் கூட்டம் ஆறிப்போகும்.

மூலத்தை மதிக்காமல் எல்லா இடத்தையும் சத்தத்தால் அடைப்பவை எனக்கு ஒப்பாது. டிசைர்லெஸ்ஸின் குரலுக்கு அமைதிதான் அழகு. அது மூச்சுவிட இடம் வைப்பதே நல்ல ரீமிக்ஸ்.

முதலில் மூலப் பாட்டை முழுதாகக் கேளுங்கள். பிறகு 1988இன் நீண்ட வடிவத்தை நல்ல ஹெட்ஃபோனில் போட்டு, பேஸ் டிரம் எங்கே விலகுகிறது, எங்கே திரும்புகிறது என்பதை மட்டும் கவனியுங்கள்.