நிறுவனங்கள் கைவிட்டதை ஜிம்கள் கையில் எடுக்கின்றன

“இது ஹார்மோன் ஊசி இல்லை. உங்கள் உடம்பே தன் ஹார்மோனைக் கொஞ்சம் கூடுதலாகச் சுரக்கும், அவ்வளவுதான்.” வளர்ச்சி ஹார்மோனைச் சுரக்கத் தூண்டும் ஐபாமொரெலின், சிஜேசி-1295, ஜிஎச்ஆர்பி-6 போன்ற பெப்டைடுகளை (சிறு அமினோ அமிலத் தொடர்களை) விற்பவர்கள் உலகெங்கும் சொல்வது இதைத்தான். முழுப் பொய் என்று தள்ளிவிட முடியாது. அதனால்தான் இது எளிதாக எடுபடுகிறது.

மூளையின் அடியில் பட்டாணி அளவில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி, வளர்ச்சி ஹார்மோனை நாள் முழுக்க ஒரே சீராக விடுவதில்லை. அலை அலையாக விடுகிறது. பெரிய அலை, தூங்கத் தொடங்கியதும் வரும் ஆழ்ந்த உறக்கத்தில் எழுகிறது. மூளையின் ஒரு பகுதியான ஹைபோதலாமஸிலிருந்து வரும் ஒரு ஹார்மோன் அதை முடுக்குகிறது; சொமாட்டோஸ்டாட்டின் என்ற இன்னொன்று தடுக்கிறது. இரைப்பையிலிருந்து வரும் கிரெலின் என்ற பசி ஹார்மோனும் முடுக்கும் என்பதை 1999-இல் ஜப்பானியர்களான கோஜிமாவும் கங்காவாவும் கண்டறிந்தார்கள். செர்மொரெலின், டெசாமொரெலின், சிஜேசி-1295 ஆகியவை ஹைபோதலாமஸின் குரலில் பேசுபவை. ஜிஎச்ஆர்பி-6, ஐபாமொரெலின் ஆகியவை கிரெலினின் குரலில் பேசுபவை. ஜிஎச்ஆர்பி-6 போட்டுக்கொண்டவர்களுக்கு அகோரப் பசி எடுப்பதும் அதனால்தான்.

வளர்ச்சி ஹார்மோனை நேராக ஊசியில் ஏற்றினால் உடலின் தடுப்பு முறை வேலை செய்ய வழியில்லை; பெப்டைடு போட்டால் அந்தத் தடுப்பு மிச்சமிருக்கிறது. விற்பவரின் வாதத்தில் இவ்வளவும் சரி. ஆனால் சிஜேசி-1295-இன் ஒரு வடிவம் ரத்தத்திலுள்ள அல்புமின் என்ற புரதத்தோடு ஒட்டிக்கொண்டு நாள்கணக்கில் உடம்பில் தங்கும்படி செய்யப்பட்டது. அதன் அரை ஆயுள், அதாவது உடம்பில் பாதியாகக் குறைய ஆகும் காலம், 6 முதல் 8 நாள். 2006-இல் வெளியான ஆய்வுகளில் அலைகள் நிற்கவில்லை. அலைகளுக்கு நடுவே தாழ வேண்டிய மட்டம்தான் பல மடங்கு உயர்ந்து நின்றது. வளர்ச்சி ஹார்மோனின் தூண்டுதலால் கல்லீரல் சுரக்கும் ஐஜிஎஃப்-1 என்ற ஹார்மோன் ஒரே ஊசியில் ஒரு வாரத்துக்கும் மேல் ஏறியே இருந்தது. இதை இயற்கையான சுரப்பு என்று அழைப்பது தாராள மனசு.

இனி, இந்த மருந்துகள் பிறந்த இடத்தில் அவற்றுக்கு என்ன ஆயிற்று என்று பார்க்கலாம். சிஜேசி-1295-ஐ உருவாக்கியது கனடாவின் மான்ட்ரியல் நகரத்து கான்ஜூகெம் நிறுவனம். எச்ஐவி நோயாளிகளுக்கு வயிற்றில் சேரும் கொழுப்பைக் குறைக்க 2006-இல் நடந்த இரண்டாம் கட்டச் சோதனையில் ஒருவர் இறந்தார்; சோதனை நிறுத்தப்பட்டது. அவருக்கு முன்பே இருந்த இதய நோய்தான் காரணமாக இருக்கும் என்று மருத்துவர் கருதினார். அது உண்மையாகவே இருக்கலாம். ஆனாலும் அந்த மருந்து சந்தைக்கு வரவேயில்லை. நோவோ நார்டிஸ்க் ஆய்வகத்தில் பிறந்த ஐபாமொரெலினை, அறுவை சிகிச்சைக்குப் பின் குடல் இயங்கத் தாமதமாகும் நோயாளிகளிடம் வேறொரு நிறுவனம் சோதித்தது. எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை. செர்மொரெலின் 1997-இல் அமெரிக்காவில் வளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்கு அனுமதி பெற்றது; 2008-இல் தயாரிப்பாளரே நிறுத்திக்கொண்டார், அதற்குக் காரணம் வியாபாரம்.

டெசாமொரெலின் மட்டும் தப்பியது. 2010-இல் அமெரிக்காவில் அனுமதி. அதுவும் எச்ஐவி சிகிச்சையில் இருப்பவர்களின் வயிற்று உட்கொழுப்புக்கு மட்டுமே. நிறுத்தினால் கொழுப்பு திரும்பிவிடுகிறது. புற்றுநோய் இருப்பவர்களும் கர்ப்பிணிகளும் எடுக்கக் கூடாது. சர்க்கரையைக் கண்காணிக்க வேண்டும். இவ்வளவு நிபந்தனைகளும் சோதித்துப் பார்க்கப்பட்ட ஒன்றுக்கு! சோதனையைத் தாண்டாதவற்றை ஜிம் கோச்சின் பேச்சை நம்பி வயிற்றுத் தோலில் குத்திக்கொள்கிறார்கள்.

இந்த வகையில் நீண்ட நாள் தகவல் கிடைப்பது எம்கே-677 என்ற மருந்துக்கு. அது பெப்டைடுகூட அல்ல, வாயில் போடும் மருந்து. ஆனால் கிரெலின் வழியில்தான் இயங்குகிறது, பெப்டைடுகளோடு சேர்த்தே விற்கப்படுகிறது. 60 வயதைத் தாண்டிய ஆரோக்கியமான 65 பேரிடம் இரண்டு ஆண்டு நடந்த சோதனை 2008-இல் வெளியானது. முதல் ஆண்டில் மருந்து எடுத்தவர்களுக்குக் கொழுப்பு நீங்கிய உடல் எடை சுமார் 1.1 கிலோ கூடியது. வெற்று மாத்திரை எடுத்தவர்களுக்கு அரைக் கிலோ குறைந்தது. விளம்பரம் இந்த வரியோடு நின்றுவிடும். அடுத்த வரி: தசை வலிமை கூடவில்லை, அன்றாட இயக்கத்திலும் முன்னேற்றம் இல்லை. அதற்கும் அடுத்த வரி: வெறும் வயிற்றுச் சர்க்கரை சராசரியாக டெசிலிட்டருக்கு 5 மில்லிகிராம் ஏறியது, இன்சுலினுக்கு உடல் இணங்குவது குறைந்தது. இடுப்பெலும்பு முறிந்த 123 முதியோரிடம் நடந்த மற்றொரு சோதனையை, இதயச் செயலிழப்பு தலைகாட்டியதால் பாதியிலேயே நிறுத்தினார்கள்.

5 மில்லிகிராம் சிறிய எண் போலத் தெரியும். சென்னை மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை முன்னின்று நடத்திய நாடு தழுவிய ஆய்வு 2023-இல் வெளியானபோது, இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய், 13.6 கோடிப் பேர் அதன் வாசலில் என்று மதிப்பிட்டது. வாசலில் நிற்பவர்களில் பலருக்கு அது தெரியாது. அவர்களுக்கு அந்த எண் சிறியதல்ல.

புற்றுநோய் பற்றி நிதானமாகப் பேச வேண்டும். இந்த ஊசிகள் புற்றுநோயை உண்டாக்குகின்றன என்று யாரும் நிரூபிக்கவில்லை. நிரூபிக்கும் அளவுக்கு நீண்ட சோதனை எதுவும் நடக்கவுமில்லை. ஆனால் ஐஜிஎஃப்-1 செல்களைப் பெருக்கும் சமிக்ஞை. ஈக்வடாரின் தெற்கில், வளர்ச்சி ஹார்மோனை உடல் ஏற்காத லாரன் குறைபாட்டோடு பிறந்த சுமார் 100 பேரை மருத்துவர் குவேரா அகிரே 20 ஆண்டுகளுக்கும் மேல் கவனித்தார். 2011-இல் வெளியான முடிவின்படி அவர்களிடையே உயிரைப் பறிக்காத ஒரே ஒரு புற்றுநோய். சர்க்கரை நோய் ஒருவருக்குமில்லை. அந்தக் குறைபாடு இல்லாத உறவினர்களுக்கு இரண்டுமே வந்தன. இதை வைத்து ஊசி போடுபவருக்குத் தீர்ப்பெழுத முடியாது. ஆனால் ‘இளமை ஹார்மோன்’ என்று விற்கப்படுவது உடலில் கிட்டத்தட்ட வேலை செய்யாமலே, இந்த இரண்டு நோய்களும் பெரும்பாலும் அண்டாமல் வாழ்ந்தவர்கள் இவர்கள்.

குப்பிக்குள் என்ன இருக்கிறது என்பது வேறு கேள்வி. ‘ஆராய்ச்சிப் பயன்பாட்டுக்கு மட்டும்’ என்று ஒட்டினால் மருந்துச் சட்டம் தன்மேல் பாயாது என்பது விற்பவரின் கணக்கு. உள்ளே உறைய வைத்து உலர்த்திய வெள்ளைத் தூள். அளவு சரியா, நுண்ணுயிர் நச்சு கலந்திருக்கிறதா என்பதைக் கண்ணால் சொல்ல முடியாது. பெப்டைடு தயாரிக்கும்போது அமினோ அமிலத் தொடரில் ஒன்று விட்டுப்போனாலோ மாறிப்போனாலோ அது வேறு பொருள். உடலின் நோய் எதிர்ப்பு மண்டலம் அதை எதிரியாகக் கொள்ளலாம். 2023-இல் ஐபாமொரெலின், சிஜேசி-1295, ஜிஎச்ஆர்பி-6 உள்ளிட்டவற்றை மருந்தகங்கள் கலந்து தருவது குறித்து அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்தபோது இந்த அச்சத்தைத்தான் முன்வைத்தது.

விளையாட்டில் இருப்பவருக்கு ஆபத்து இன்னும் நேரடியானது. இந்த வகை முழுவதும் உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் தடைப்பட்டியலில் இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் குரோனுல்லா ரக்பி லீக் அணியில் 2011-இல் நடந்த ‘ஊட்டச்சத்து’ ஏற்பாட்டில் சிஜேசி-1295-உம் ஜிஎச்ஆர்பி-6-உம் புகுந்திருந்தன. 2014-இல் ஆட்டக்காரர்கள் 12 மாதத் தடையை ஏற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று.

ஏற்கெனவே போட்டுக்கொண்டிருப்பவர்கள் கவனிக்க: கால் வீக்கம், மூட்டு வலி, விரல்களில் மரமரப்பு, அடிக்கடி தாகம், பழைய மோதிரமோ செருப்போ இறுக்கமாவது போன்றவை கூடுதல் ஹார்மோனின் அடையாளங்களாக இருக்கலாம். நிறுத்திவிட்டு நாளமில்லாச் சுரப்பி மருத்துவரைப் பாருங்கள். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையையும் ஐஜிஎஃப்-1 அளவையும் சோதிக்கச் சொல்லி அவரிடம் கேட்கலாம். போட்ட அளவையும் நாட்களையும் மறைக்காமல் சொல்லுங்கள். மிச்சமிருக்கும் குப்பியை எறியாமல் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.