எரிக்கச் சொன்ன காவியம், தெருச் சுவரில் 'மீம்' ஆன கதை!

ஓவியத்தைப் பார்த்து ஹீரோ அழுகிறான். ரோமானிய மகாகவி வெர்ஜில் எழுதிய 'ஈனியட்' காவியத்தின் முதல் காண்டத்தில் வரும் காட்சி இது.

டிராய் நகரம் போரில் அழிந்துவிட, உயிர் தப்பிய ஈனியஸ் கடலில் அலைந்து கார்த்தேஜில் கரை ஒதுங்குகிறான். அங்குள்ள புதுக் கோயிலில் அதே டிராய் போர் ஓவியமாக இருக்கிறது. இறந்துபோன நண்பர்கள், கொன்ற எதிரிகள்... அந்தக் கூட்டத்தில் அவனும் இருக்கிறான்! முன்பின் தெரியாத ஊருக்கு, அவனுக்கு முன்பே அவன் துயரம் வந்து சேர்ந்திருக்கிறது.

எழுத்துக்குள் ஓவியத்தை இப்படிக் கொண்டுவந்த வெர்ஜிலுக்கே தன் எழுத்தில் திருப்தி இல்லை. பத்தாண்டுக்கும் மேல் உழைத்து, கிட்டத்தட்ட 9,900 வரிகள் எழுதியும் காவியம் முழுமையாகவில்லை. கி.மு. 19-ல் மரணப் படுக்கையில், அதை எரித்துவிடும்படி கேட்டுக்கொண்டாராம். பேரரசர் அகஸ்டஸ் குறுக்கிட்டு, வெளியிட வைத்தார்.

தப்பிய காவியம், படித்தவர்கள் வீட்டு ஏடுகளோடு நிற்கவில்லை. தெருவுக்கு வந்தது.

கி.பி. 79-ல் வெசுவியஸ் எரிமலையின் சாம்பலில் புதைந்த நகரம் பொம்பெயி. அதன் சுவர்களில் ஈனியட் வரிகளை யார் யாரோ கீறி வைத்திருக்கிறார்கள். பெரும்பாலும் முதல் இரண்டு காண்டங்களின் ஆரம்ப வரிகள்தான். பள்ளியில் மனப்பாடம் செய்தது மறக்காது, அல்லவா?

அங்கே ஒரு கட்டட முகப்பில், வயதான தந்தையைத் தோளில் சுமந்து, மகனைக் கையில் பிடித்தபடி டிராயைவிட்டு வெளியேறும் ஈனியஸின் ஓவியம். காவியம் இப்போது ஓவியமாகிவிட்டது. ஆனால், அங்கே எழுதப்பட்டிருக்கும் வரிதான் ஹைலைட். ஆயுதங்களையும் வீரனையும் பாடப்போவதாகத் தொடங்குவார் வெர்ஜில். அதைத் திருப்பிப்போட்டு, 'நான் பாடப்போவது அவர்களை அல்ல. சலவைத் தொழிலாளிகளையும் ஆந்தையையும்' என்ற பொருளில் எழுதியிருக்கிறார் ஒரு குறும்புக்காரர். ஆந்தை, சலவைத் தொழிலாளிகள் வணங்கிய மினெர்வா தேவியின் பறவை. நாற்றமெடுக்கும் சிறுநீரில் துணிகளைப் போட்டு, காலால் மிதித்து வெளுத்தவர்கள் அவர்கள். அகஸ்டஸ் தன் முன்னோர் என்று கொண்டாடிய ஈனியஸின் இடத்தில் அவர்களை உட்கார வைக்கத் துணிச்சல் வேண்டும்!

இன்னொருவர் அதற்கும் ஒரு படி மேலே போய்விட்டார். வெசுவியஸ் சாம்பலுக்கடியில் கிடைத்த வேறொரு ஓவியத்தில், அதே ஈனியஸ், அதே தந்தை, அதே மகன். மூவருக்கும் குரங்கு உடல், நாய்த் தலை. வரைந்தவர் யாரென்று பெயர் இல்லை.