தைராய்டு நார்மல், கண்?

"தைராய்டு ரிப்போர்ட் நார்மல்" என்று வீட்டில் எல்லோரும் நிம்மதியாகும் நேரத்தில்தான் சிலருக்குக் கண் தொல்லை ஆரம்பிக்கிறது. உறுத்தல், நீர் வடிதல், காலையில் எழுந்தால் இமை வீக்கம். தைராய்டு மருத்துவரிடம் சொன்னால் கண் மருத்துவரைப் பார்க்கச் சொல்வார். கண் மருத்துவரிடம் போகிறவரோ தைராய்டைப் பற்றி வாயே திறப்பதில்லை. கழுத்துக்கும் கண்ணுக்கும் என்ன சம்பந்தம் என்ற நினைப்பு. இப்படியே மாதங்கள் ஓடிவிடுகின்றன. இந்த நோயில் அந்த மாதங்கள்தான் பெரிய நஷ்டம்.

சம்பந்தம் இருக்கிறது. தைராய்டு அதிகமாகச் சுரக்கும் கிரேவ்ஸ் நோயில் உண்மையான குற்றவாளி சுரப்பி அல்ல, நம் உடலின் நோய் எதிர்ப்பு மண்டலம். அது தவறாக உருவாக்கும் ஆன்டிபாடிகள் சுரப்பியைத் தூண்டுவதோடு நிற்காமல், கண்குழிக்குள் இருக்கும் கொழுப்பையும் விழியை அசைக்கும் தசைகளையும் சீண்டுகின்றன. அவை நீர் கோத்து வீங்குகின்றன. கண்குழியோ சுற்றிலும் எலும்பு, முன்பக்கம் மட்டும்தான் திறப்பு. வீக்கம் விழியை முன்னால் தள்ளும். தள்ள முடியாவிட்டால் பின்னால் இருக்கும் பார்வை நரம்பை நசுக்கும். கார்பிமசோல் மாத்திரை சுரப்பியின் வேகத்தைக் குறைக்கும். கண்குழிக்குள் நடப்பதை அது நேரடியாக நிறுத்தாது. ரத்த அளவு சரியான பிறகும் கண் கெட்டுக்கொண்டே போவது இதனால்தான். அதற்காக மாத்திரையை விட்டுவிடக் கூடாது: தைராய்டு அளவு ஏறினாலும் கண்ணுக்குக் கேடு, ஒரேயடியாக இறங்கினாலும் கேடு.

இது ஒன்றும் புது நோயல்ல. டப்ளின் மருத்துவர் ராபர்ட் கிரேவ்ஸ் 1835-லும், ஜெர்மனியின் கார்ல் வான் பாசெடோ 1840-லும் எழுதிவைத்தது. கிரேவ்ஸ் உள்ளவர்களில் நான்கில் ஒருவருக்காவது கண்ணில் ஏதேனும் அறிகுறி தெரியும். பெரும்பாலோருக்கு லேசாகவே வந்து போகும். நூற்றுக்கு ஐந்து பேர் வரை பார்வைக்கே ஆபத்தான நிலைக்குப் போகலாம். பெண்களுக்கு அதிகம் வருகிறது, ஆண்களுக்கு வந்தால் கடுமையாக வருகிறது. தைராய்டு குறைவாகச் சுரக்கும் ஹாஷிமோட்டோ நோயிலும் சிலருக்கு வரும். தைராய்டு கோளாறு தெரியவருவதற்கு முன்பே கண்ணில் ஆரம்பிப்பதும் உண்டு.

ஆரம்பத்தில் இதை மெட்ராஸ் ஐ என்றோ அலர்ஜி என்றோ நினைத்துவிடுவது சுலபம். ஆனால் மெட்ராஸ் ஐ ஒன்றிரண்டு வாரத்தில் போய்விடும், இது போகாது. மேல் இமை ஏறிக்கொண்டு கருவிழிக்கு மேலே வெள்ளை தெரியும். "ஏன் முறைக்கிறே?" என்று மற்றவர்கள் கேட்பார்கள். நோயாளிக்குக் கோபமே இருக்காது, ஆனால் அந்தக் கேள்வியை அலுவலகத்திலும் கல்யாண வீட்டிலும் கேட்டுக் கேட்டே பல பெண்கள் வெளியே போவதைக் குறைத்துக்கொள்கிறார்கள். மேலேயோ பக்கவாட்டிலோ பார்க்கும்போது வலி, ஒன்று இரண்டாகத் தெரிவது, தூங்கும்போது இமை முழுதாக மூடாதது ஆகியவையும் அடையாளங்களே. நாலைந்து வருடத்துக்கு முந்தைய புகைப்படம் ஒன்றை மருத்துவரிடம் எடுத்துப்போங்கள். கண்ணாடியில் தினமும் பார்க்கும் நமக்குத் தெரியாத மாற்றம் படத்தில் பளிச்சென்று தெரியும். இரண்டாகத் தெரிகிறவர்கள் அது சரியாகும்வரை வண்டி ஓட்டக் கூடாது.

மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிப் போடும் ஸ்டீராய்டு சொட்டு மருந்து கண்குழிக்குள் போய்ச் சேராது. மாதக்கணக்கில் போட்டால் கண் அழுத்த நோயும் கண்புரையும் வரலாம். நந்தியாவட்டைப் பூவும் தாய்ப்பாலும் இந்த வீக்கத்தை ஒன்றும் செய்யாது. மூடாத கண்ணில் கிருமித் தொற்று வேறு வந்து சேரலாம்.

எப்போது ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது? பார்வை மங்கினால், கருவிழியில் வெண்புள்ளி தெரிந்தால், நிறங்கள் வெளிறித் தெரிந்தால். சிவப்புப் பொருள் ஒன்றை ஒவ்வொரு கண்ணாக மூடிப் பாருங்கள். ஒரு கண்ணில் மட்டும் சிவப்பு மங்கலாகத் தெரிந்தால் நரம்பு நசுங்குகிறது என்று சந்தேகிக்க வேண்டும். விழி பிதுங்காமலேயே இது நடக்கலாம். சர்க்கரை நோயாளிகளுக்கு இந்த ஆபத்து கூடுதல்.

நோய் சூடாக இருக்கும் காலம் பொதுவாக ஆறு மாதம் முதல் இரண்டு, மூன்று ஆண்டு வரை. அதற்குள் கொடுத்தால்தான் மருந்து நன்றாக வேலை செய்யும். ஆறிய பிறகு தசையில் தழும்பு தங்கிவிடும்; அப்புறம் பெரும்பாலும் அறுவை சிகிச்சைதான் மிச்சம். லேசான நிலையில் செயற்கைக் கண்ணீர், இரவில் ஜெல், தலையணையை உயர்த்திப் படுப்பது போதும்; ஆறு மாதத்துக்கு செலினியம் தருவதும் உண்டு. மிதமான, கடுமையான நிலையில் மெத்தில்பிரெட்னிசலோன் வாரம் ஒருமுறை நரம்பு வழியே, 12 வாரம், வழக்கமாக மொத்தம் 4.5 கிராம். தொடங்கும் முன் சர்க்கரை, ரத்த அழுத்தம், கல்லீரல், ஹெபடைடிஸ் பி சோதனைகள் அவசியம். அமெரிக்காவில் 2020-ல் டெப்ரோடுமுமாப் என்ற மருந்துக்கு அனுமதி கிடைத்தது. விழியை உள்ளே வாங்கவைக்கிறது, ஆனால் விலை மலைக்கவைக்கும், காது கேட்பதையும் பாதிக்கலாம். அறுவை சிகிச்சைக்கு ஒரு வரிசை உண்டு: முதலில் கண்குழி எலும்பை விரிவாக்குவது, பிறகு மாறுகண், கடைசியில் இமை. முன்னதைச் செய்தால் பின்னது மாறும் என்பதால் இமையை முதலில் தொடக் கூடாது.

அமெரிக்க அதிபராக இருந்த மூத்த ஜார்ஜ் புஷ்ஷின் மனைவி பார்பராவுக்கு 1989-ல் கிரேவ்ஸ் நோய் தெரியவந்தது, கண்ணும் பாதிக்கப்பட்டது. 1991-ல் அதிபருக்கும் அதே நோய். அவர்கள் வசித்த இடங்களின் குடிநீரைக்கூடச் சோதித்துப் பார்த்தார்கள், ஒன்றும் அகப்படவில்லை. நம் வீடுகளில் முட்டைக்கோஸ்மேல் பழி போடுகிறோம். உறுதியாகத் தெரிந்த எதிரி புகையிலை. புகைப்பவர்களுக்கு இந்தக் கண் நோய் வரும் வாய்ப்பு பல மடங்கு. வந்தால் கடுமையாகும், சிகிச்சையும் சரியாகப் பலிக்காது. அடுத்தவர் விடும் புகையும் கெடுக்கும். பொது இடத்தில் புகைத்தால் 200 ரூபாய் வரை அபராதம் உண்டு. வரவேற்பறையில் சிகரெட் பிடிக்கும் கணவரைக் கேட்கச் சட்டம் வராது, வீட்டார்தான் கேட்க வேண்டும்.

தைராய்டு சுரப்பை அடக்கக் கதிரியக்க அயோடின் கொடுக்கலாம் என்று சொல்லப்படும்போது "என் கண்ணைப் பரிசோதித்தாயிற்றா, ஸ்டீராய்டு பாதுகாப்பு தேவையா?" என்று கேட்பது உங்கள் உரிமை. ஏறக்குறைய நூற்றுக்கு 15 பேருக்கு அது கண் நோயைக் கிளப்பவோ கூட்டவோ செய்யும். ஸ்டீராய்டு சேர்த்தால் பெருமளவு தடுக்கலாம். மாற்று வழிகளையும் ஆபத்துகளையும் சொல்லாமல் வாங்கும் கையெழுத்து முறையான சம்மதம் ஆகாது. வேறு மருத்துவரின் கருத்தைக் கேட்க விரும்பினால் உங்கள் ஆவணங்களைக் கேட்டு மனு கொடுங்கள். 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டு மருத்துவர் நடத்தை விதி. போக வேண்டியது கண்குழி, இமை சிகிச்சைப் பிரிவு உள்ள மருத்துவமனைக்கு. சென்னை எழும்பூர் அரசு கண் மருத்துவமனை, மதுரை அரவிந்த் போன்றவற்றில் அது உண்டு.

காப்பீட்டில் ஒரு வம்பு காத்திருக்கிறது. கண்குழி, இமை அறுவை சிகிச்சையை "அழகு சிகிச்சை" என்று சொல்லி நிறுவனம் பணம் தர மறுக்கலாம். பொதுவான பாலிசி விதியிலேயே இதற்கு விலக்கு இருக்கிறது: உடல்நலத்துக்கு நேரடியான, உடனடியான ஆபத்தை நீக்க மருத்துவரீதியாக அவசியம் என்று சிகிச்சை தரும் மருத்துவர் சான்றளித்தால் அது அழகு சிகிச்சை ஆகாது. பார்வை நரம்பு, மூடாத இமை, கருவிழிப் புண் என்று காரணத்தை எழுதி வாங்குங்கள், ஸ்கேனையும் இணையுங்கள். பாலிசி எடுக்கும்போதே தைராய்டைச் சொல்லிவிடுவது நல்லது. ஏற்கெனவே உள்ள நோய்க்கான காத்திருப்புக் காலம் இப்போது அதிகபட்சம் மூன்று ஆண்டுதான். மறைத்தது தெரிந்தால் மொத்தமும் போகலாம். பணம் தர மறுத்துவிட்டால் முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லையென்றாலோ, பதில் திருப்தி தரவில்லையென்றாலோ காப்பீட்டு ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னையில் இருக்கிறது. கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம். நிறுவனத்தின் பதில் வந்ததிலிருந்து, பதிலே இல்லையென்றால் அந்த ஒரு மாதம் முடிந்ததிலிருந்து, ஓராண்டுக்குள் புகார் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.