கூலிம் ஹைடெக்கில் எங்கே, எப்போது சாப்பிடுவது?

கூலிம் ஹைடெக் பூங்காவில் வேலை கிடைத்து ஈப்போவிலிருந்தோ கிள்ளானிலிருந்தோ தமிழ்நாட்டிலிருந்தோ வந்து இறங்கும் பிள்ளைகளுக்கு வாடகை அறை சீக்கிரம் அமைந்துவிடுகிறது. சாப்பாட்டுக்குத்தான் முதல் மாதம் அல்லாடுகிறார்கள். கடைகளுக்குக் குறைவில்லை. எந்தக் கடை எந்த நேரத்தில் திறக்கும், எதற்கு எவ்வளவு வாங்குவார்கள், எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்பதுதான் பிடிபடுவதில்லை. அவர்களுக்காகவே இந்தக் கட்டுரை. இங்கே ஒரு சிறிய கடை போடலாமா என்று யோசிக்கும் உள்ளூர்க் குடும்பங்களுக்கும் இதில் செய்தி உண்டு.

முதலில் ஊர். கெடா மாநிலத்தில் இருக்கும் இந்தப் பூங்கா மலேசியாவின் முதல் உயர் தொழில்நுட்பப் பூங்கா, 1996இல் திறக்கப்பட்டது. பட்டர்வொர்த்-கூலிம் விரைவுச்சாலையும் அதே காலத்தில் வந்ததால் பினாங்குத் துறைமுகமும் விமான நிலையமும் கைக்கெட்டும் தூரமாயின. இன்டெல், இன்ஃபினியன், சில்டெரா, ஃபர்ஸ்ட் சோலார் என்று ஆலைகள் வரிசையாக வந்தன. 2024 ஜனவரியில் ஆஸ்திரியாவின் ஏ.டி. அண்ட் எஸ் ஆலை திறந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் இன்ஃபினியன் தன் சிலிக்கான் கார்பைடு சில்லு ஆலையைத் தொடங்கியது. இவற்றைச் சுற்றிப் பாயா பெசார், லூனாஸ், பாடாங் செராய் போன்ற ஊர்களும், பால்மரமும் செம்பனையும் நிற்கும் தோட்டங்களும் இருக்கின்றன. தோட்டத்தில் நம் தாத்தா பாட்டிகள் பால் வெட்டினார்கள். பேரப் பிள்ளைகள் ஆலைப் பேருந்துக்குச் சந்தியில் நிற்கிறார்கள்.

இந்த ஊர்ச் சாப்பாட்டுக் கடைகளின் கடிகாரத்தை ஆலைதான் ஓட்டுகிறது. சில்லு ஆலை இரவில் ஓய்வதில்லை. உலையில் ஏற்றிய சிலிக்கான் தகடுகளைப் பாதியில் நிறுத்திவிட்டு மறுநாள் தொடர முடியாது. இயந்திரத்தை அணைத்து மீண்டும் பழைய நிலைக்குக் கொண்டுவரப் பெரும் பணமும் நேரமும் போகும். அதனால் பல ஆலைகளில் 12 மணி நேர ஷிப்ட் நடக்கிறது. காலை ஏழு மணியை ஒட்டி ஒரு கூட்டம் உள்ளே போகும், இன்னொரு கூட்டம் வெளியே வரும். மாலை ஏழு மணிக்கும் அப்படியே. உள்ளே போகிறவர் பசியாற வேண்டும். வெளியே வருகிறவருக்கு அதே காலைதான் இராச் சாப்பாட்டு நேரம். காலையில் ரொட்டி சானாய் போடும் கல்லுக்குப் பக்கத்திலேயே சோறும் மீன் குழம்பும் தயாராக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

ஷிப்டின் நடுவே வெளியே வந்து சாப்பிடலாம் என்று எண்ண வேண்டாம். தூசி புகாத அறையில் வேலை செய்கிறவர் தலை முதல் கால்வரை மூடிய உடையில் இருப்பார். ஒரு வாய் தண்ணீர் குடிக்கவும் அந்த உடையைக் கழற்றிவிட்டு வெளியே வர வேண்டும். திரும்பும்போது மறுபடி மாட்டிக்கொண்டு, காற்று வீசும் அறைக்குள் நின்று தூசியை உதறிவிட்டுத்தான் உள்ளே நுழைய வேண்டும். ஓய்வு நேரத்தில் ஒரு பகுதி இதிலேயே கரைந்துவிடும். ஆகவே நடுவேளைச் சாப்பாட்டுக்கு ஆலைக் கேண்டீன்தான் கதி. வெளிக்கடைகள் வாழ்வது ஷிப்டின் இரண்டு ஓரங்களில்.

இனி கடைகள். தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் மாமாக் கடை பெரும்பாலும் பின்னிரவு வரைக்கும், சில இடங்களில் விடிய விடியவும் திறந்திருக்கும். அங்கே சொல்ல வேண்டியது எளிது: “ரொட்டி கோசோங் ரெண்டு, தே தாரிக் ஒண்ணு, குராங் மானிஸ்.” ரொட்டி கோசோங் என்றால் எதுவும் சேர்க்காத ரொட்டி சானாய்; குராங் மானிஸ் என்றால் இனிப்பு குறைவாக. அந்தக் கடைசிச் சொல்லை மறக்காதீர்கள். கெட்டிப்பால் ஊற்றும் தே தாரிக்கில் இனிப்பு மிகுதி. இரவு ஷிப்டில் தூக்கத்தை விரட்ட மூன்று நான்கு கிளாஸ் குடிப்பவர்கள் சர்க்கரையைக் குறைக்கச் சொல்லிப் பழகுவது உடம்புக்கு நல்லது. ரொட்டி சானாய், நாசி லெமாக், தே தாரிக் மூன்றையும் மையமாக வைத்த மலேசியக் காலை உணவுப் பண்பாட்டை 2024 டிசம்பரில் யுனெஸ்கோ மனிதகுலத்தின் மரபுப் பட்டியலில் சேர்த்தது. நம்மவர்கள் கல்லடியில் நின்று வளர்த்த ஒன்றுக்குக் கிடைத்த மதிப்பு அது.

நாசி கண்டார் கடையில்தான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். பினாங்கில் தோளில் காவடி கட்டிச் சோறும் குழம்பும் சுமந்து விற்ற தமிழ் முஸ்லிம்கள் தொடங்கிய சாப்பாடு இது. தட்டில் சோற்றைப் போட்டதும் கடைக்கார அண்ணன் கேட்பார்: “குவா சம்புரா?” (குழம்பைக் கலக்கவா?) சம்மதித்தால் கோழிக் குழம்பு, மீன் குழம்பு, இறைச்சிக் குழம்பு என ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி அள்ளிக் கலந்து ஊற்றுவார். ருசியே அந்தக் கலவையில்தான் இருக்கிறது. ஆனால் அதில் மாட்டிறைச்சிக் குழம்பும் சேரும். மாடு சாப்பிடாதவர்கள் கரண்டி எழும்பும் முன்பே, “டாகிங் குவா (மாட்டிறைச்சிக் குழம்பு) வேண்டாம்ணே” என்று சொல்லிவிட வேண்டும். சொன்னால் யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. மாடு தொடாத குழம்புகளைக் காட்டி அதை மட்டும் ஊற்றுவார்கள்.

அடுத்து காசு. கலப்புச் சோற்றுக் கடைகளில் தட்டைக் கண்ணால் பார்த்தே விலை சொல்வார்கள். ஒரு துண்டு கோழி, ஒரு காய் என்றால் சிக்கல் இல்லை. கணவாய், பெரிய இறால், மீன் முட்டை எடுத்தால் விலை சட்டென்று ஏறும். எடுப்பதற்கு முன் கேளுங்கள். விலையைக் காட்சிக்கு வைப்பது கடைக்காரரின் சட்டக் கடமை. கேட்பது உங்கள் உரிமை. சம்பளத் தேதிக்கு முன் கை இறுகும் நாட்களில் ரஹ்மா மெனு இருக்கிறதா என்றும் கேட்டுப் பாருங்கள். 2023 ஜனவரி 31இல் அன்றைய உள்நாட்டு வணிக அமைச்சர் சலாஹுடின் அயூப் தொடங்கிய ஐந்து வெள்ளி (ரிங்கிட்) சாப்பாடு அது. சேர்ந்திருக்கும் கடைகளில் கிடைக்கும். பில்லில் வரும் 6 விழுக்காட்டுச் சேவை வரியை ஆண்டுக்கு 15 லட்சம் வெள்ளிக்கு மேல் விற்பனை உள்ள கடைகளே வாங்கலாம். ஒட்டுக்கடையில் (சிறு சாலையோரக் கடையில்) யாராவது வரி என்று கூட்டினால் கணக்கைக் காட்டச் சொல்லுங்கள்.

வாழையிலைச் சாப்பாட்டுக்கு மதியந்தான் நேரம். சோறு, மூன்று காய், அப்பளம், ரசம், மோர் ஒரு விலை. ஆட்டுப் பிரட்டலும் பொரித்த மீனும் தனி விலை. இரவு ஷிப்ட் முடித்துத் தூங்கி எழும் ஆளுக்கு இது சரியாக வாய்க்கும். புரட்டாசியில் இந்தக் கடைகள் பலவற்றில் சைவ வகைகள் கூடும். அதே செப்டம்பர், அக்டோபர் பகுதியில் சீனர்களின் ஒன்பது பேரரசர் விழாவும் வருவதால் மஞ்சள் கொடி கட்டிய சைவக் கடைகளையும் காணலாம். சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ஆண்டிலேயே நல்ல காலம் அதுதான். சீனர் காப்பிக் கடையில் பன்றி இறைச்சி இருக்கும். முஸ்லிம் நண்பரை அழைக்கும் முன் இடத்தை யோசித்துக்கொள்ளுங்கள். லூனாஸ் வாட்டிய வாத்துச் சோற்றுக்குப் பெயர் போன ஊர் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கடைக்குப் போகும் நாளையும் கவனிக்க வேண்டும். கெடாவில் அரசு வார விடுமுறை வெள்ளிக்கிழமையும் சனிக்கிழமையும். பக்கத்துப் பினாங்கிலோ சனியும் ஞாயிறும். வெள்ளி நடுப்பகலில் தொழுகைக்காக முஸ்லிம் கடைகள் சில மணி நேரம் மூடும் அல்லது ஆள் குறையும். நோன்பு மாதத்தில் மாமாக் கடைகள் பகலில் மூடியிருக்கும். பின்னேரம் நோன்புச் சந்தை களைகட்டும். அந்த மாதம் பகலில் இந்துக் கடைகளும் சீனர் கடைகளும் திறந்திருக்கும். நோன்பிருக்கும் நண்பர் முன்னால் பொட்டலம் பிரிக்காமல் இருப்பது இங்கே எல்லாரும் காக்கும் மரியாதை.

குடியைப் பற்றிப் பேசாமல் இந்த வட்டாரத்துக் கடைகளின் கதை முழுமையாகாது. தோட்டக் காலத்தில் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்குப் பக்கத்திலேயே கள்ளுக்கடை இருந்தது. கூலியாக வந்த காசு அந்த வழியே திரும்பிப் போனது. அதை எதிர்த்துக் கெடாத் தோட்டத் தமிழர்கள் எழுந்தார்கள். பீடோங் அருகே ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ.எம். சாமி தலைமையில் தொண்டர் படை திரண்டது. கள்ளுக்கடைகளின் முன் மறியல் செய்தது. 1947 பிப்ரவரியில் பீடோங்கில் போலீசாரோடு மோதல் வெடித்தது. அதே ஆண்டில் கூலிம் மாவட்டத்து டப்ளின் தோட்டத்தில் போலீஸ் துப்பாக்கிச் சூடும் நடந்தது. பின்னாளில் சிறு போத்தல்களில் வந்த சம்சு என்ற மலிவுச் சாராயம் கள்ளைவிடக் கொடியதாயிற்று. அதற்கு எதிராக எஸ்.எம். முகமது இத்ரிஸ் தலைமையிலான பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் பல ஆண்டுகள் போராடியது. மலிவு மதுவின் ஆபத்து அதோடு முடியவில்லை. 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் மெத்தனால் கலந்த போலி மதுவைக் குடித்துப் பலர் இறந்தனர். லேபிளும் வரி முத்திரையும் இல்லாத மலிவுப் போத்தலைத் தொடவே கூடாது.

இன்றைய ஆலை இளைஞர் ஓய்வு நாளில் பீர் கடைக்கோ, பாலம் கடந்து பினாங்குப் பப்புக்கோ போகிறார். சட்டம் தெரிந்திருக்கட்டும். மது வாங்கக் குறைந்தபட்ச வயது 2017 டிசம்பரிலிருந்து 21. போதையில் வண்டி ஓட்டுவதற்கான தண்டனை 2020 அக்டோபர் 23 முதல் கடுமையாயிற்று: 100 மில்லி இரத்தத்தில் 50 மில்லிகிராம் மதுவைத் தாண்டினாலே குற்றம். முதல் முறைக்கே 10,000 முதல் 30,000 வெள்ளி அபராதமும் இரண்டு ஆண்டு வரை சிறையும் விதிக்கலாம்; உரிமமும் போகும். உயிர்ச்சேதம் ஆனால் சிறை 10 முதல் 15 ஆண்டு. ஒரு மாலை நேரக் குடியால் ஒரு குடும்பத்தின் பத்தாண்டு உழைப்பு போவதை ஒத்துக்கொள்ளவே முடியாது. குடித்தால் சாவியைக் கொடுத்துவிட்டு கிராப் வண்டியில் வீடு திரும்புங்கள்.

கடை நடத்துகிறவர்களின் பக்கத்துக்கு வருவோம். ஹைடெக் பூங்கா கடைக்குக் கூட்டத்தைக் கொண்டுவருகிறது. கடையின் ஆட்களையும் அதுவே எடுத்துக்கொள்கிறது. உள்ளூர்ப் பிள்ளைக்கு ஆலையில் மிகைநேர வேலையோடு (ஓ.டி.) கிடைக்கும் சம்பளத்தைத் தோசைக்கல் முன்னால் நிற்கும் வேலைக்கு யாரால் தர முடியும்? குறைந்தபட்ச சம்பளம் 2022 மே மாதம் 1,500 வெள்ளியாகவும், 2025இல் 1,700 ஆகவும் உயர்ந்தது. தொழிலாளிக்கு அது நியாயம். நான்கு மேசை போட்ட கடைக்கு அது சுமை. ஆகவே கல்லடியில் வெளிநாட்டுத் தொழிலாளி நிற்பார், அல்லது கடைக்காரரின் மனைவி நிற்பார். 2018இல் மனிதவள அமைச்சர் மு. குலசேகரன் உணவகங்களில் உள்ளூர்ச் சமையல்காரர்களே இருக்க வேண்டும் என்று அறிவித்தபோது கடும் எதிர்ப்பு எழுந்தது, அறிவிப்பு பின்வாங்கப்பட்டது. அன்றிருந்த ஆள் பற்றாக்குறை இன்றும் தீரவில்லை.

இதனால்தான் அதிகாலையில் வீட்டிலிருந்து நாசி லெமாக் பொட்டலமும் இடியப்பமும் கட்டிவந்து விற்கும் அக்காமார்களின் ஒட்டுக்கடைகளை நான் பெரிதாக மதிக்கிறேன். ஷிப்ட் பேருந்துக்கு ஓடுகிறவர்களின் வயிற்றை நிரப்புவது அவர்கள்தாம். அப்படி ஒரு கடை போட நினைத்தால் முதல் கேள்வி: இடம் யாருடைய எல்லையில் வருகிறது? ஹைடெக் பூங்காவுக்குத் தனி ஊராட்சி அதிகார அமைப்பு இருக்கிறது. கூலிம் பட்டணத்துக்கு நகராண்மைக் கழகம். ஒன்றின் உரிமம் மற்றதில் செல்லாது. சாமான் வாங்கும் முன் எல்லையைக் கேட்டுத் தெளியுங்கள். அடுத்து, உணவைக் கையாள்கிற ஒவ்வொருவருக்கும் அங்கீகரிக்கப்பட்ட பயிற்சிச் சான்றிதழும் டைபாய்டு தடுப்பூசியும் வேண்டும். 2009ஆம் ஆண்டு உணவுச் சுகாதார விதிகள் இதைக் கேட்கின்றன. முதலுக்கு டெக்குன் நேஷனலின் ஸ்புமி கடன் இந்தியச் சிறுதொழில் செய்கிறவர்களுக்கென்றே உள்ளது. பெண்களுக்கு அமானா இக்தியாரில் ‘பெண்’ என்ற கடன் திட்டம் இருக்கிறது. இரண்டையும் விசாரிக்காமல் வட்டிக்காரரிடம் போய்விடாதீர்கள்.

புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். வாரத்தில் சில காலையாவது ஒட்டுக்கடையில் பசியாறுங்கள். கடனாக வாங்கினால் சம்பள நாளிலேயே தீர்த்துவிடுங்கள்.